பிராசஸர் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்குக் காப்புரிமை: வேலூரிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஆய்வுக் கட்டத்துக்கான முழு வழிகாட்டி

காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டை வட்டாரத்துக் கல்லூரி ஆய்வகங்களிலும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் பட்டறைகளிலும் நல்ல சர்க்யூட் யோசனைகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. சிலர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவும் செய்கிறார்கள். அப்புறம் காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வருகிறது. அதில் உள்ள ஆட்சேபணைகளைப் பார்த்து மலைத்துப்போய் பதில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். கெடு முடிந்ததும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இப்படிப் போகும் விண்ணப்பங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அந்த ஆட்சேபணைகளில் பெரும்பாலானவற்றை, விண்ணப்பம் எழுத உட்காரும்போதே எதிர்பார்த்திருக்கலாம்.

இந்த வழிகாட்டி பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பத்துக்கானது. இந்தத் துறை ஆய்வில் கொஞ்சம் கடினமானது. முப்பது ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் தோண்டிய நிலம் இது, ஆகவே முந்தைய ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. கட்டுப்பாட்டு வேலையில் பாதி மென்பொருளில் நடப்பதால், ‘இது வெறும் கணினி நிரல்’ என்ற ஆட்சேபணையும் கூடவே வரும். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: அளக்கும் இடத்திலிருந்து வோல்டேஜ் மாறும் இடம் வரை உள்ள பௌதிகச் சங்கிலியை, கண்ணி விடாமல், முதல் நாளே எழுதிவைப்பது.

வழிநெடுக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் புனைந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை. தோல் ஊறிச் சுழலும் பெரிய மர டிரம்மை ஒரு மோட்டார் சுழற்றுகிறது. நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை அந்தக் கணத்தில் இழுக்கும். லைன் வோல்டேஜ் சட்டென்று தாழும். பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிராசஸர் ரீசெட் ஆகிவிடும். “சார், டிரம்மைப் போட்டதும் பெட்டி செத்துடுது” என்பார் மேற்பார்வையாளர். உங்கள் யோசனை இது: மோட்டாருக்குத் தொடக்க ஆணை கொடுப்பதே அந்த பிராசஸர்தான். ஆகவே கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) மூடுவதற்குச் சற்று முன்பே அந்த பிராசஸர் தன் கிளாக்கையும் (வேலை வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பு) வோல்டேஜையும் இறக்கிக்கொண்டு, தாழ்வு கடக்கும்வரை கெபாசிட்டரில் உள்ள மின்சாரத்திலேயே சிக்கனமாக ஓடவேண்டும்.

படி 1: எது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது என்று வரையறுங்கள்

பிராசஸர் வேலை செய்யும்போது ஆகும் மின்செலவு, மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் கிளாக் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 1.0 வோல்ட்டை 0.8 ஆக்கினால், வேகத்தைத் தொடாமலேயே அந்தச் செலவு 36 சதவீதம் குறையும். வேகத்தையும் 20 சதவீதம் குறைத்தால் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடும். வோல்டேஜ் இறங்கினால் டிரான்சிஸ்டர் மந்தமாகும், கிளாக் துடிப்புக்குள் கணக்கு முடியாமல் பிழை வரும். அதனால் இறங்கும்போது முதலில் வேகம், பிறகு வோல்டேஜ். ஏறும்போது முதலில் வோல்டேஜ், பிறகு வேகம். இது பாடப்புத்தக அறிவு. இதையே உங்கள் கண்டுபிடிப்பின் மையமாக எழுதினால் ஆய்வாளர் இரண்டாவது பக்கம் புரட்டவேண்டிய அவசியமே இருக்காது.

வேலைப்பளுவுக்கு ஏற்ப பிராசஸர் வேகத்தை மாற்றி மின்சாரம் மிச்சப்படுத்தலாம் என்ற ஆய்வுக்கட்டுரை ஜெராக்ஸ் நிறுவன ஆய்வகத்திலிருந்து 1994-லேயே வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியின் பவர்நவ், டிரான்ஸ்மெட்டாவின் லாங்ரன் மூன்றும் மடிக்கணினிகளில் வந்தன. 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ரேஸர் என்ற முறையைக் காட்டியது: வோல்டேஜைப் பிழை வரும் விளிம்புவரை இறக்கி, பிழை வந்தால் பிடித்துத் திருத்திக்கொள்வது. 2013-இல் இன்டெல் ஹாஸ்வெல் சில்லில் ரெகுலேட்டரையே (மின்னழுத்தத்தைச் சீராக்கி வழங்கும் சுற்று) பிராசஸர் பொதிக்குள் கொண்டுவந்தது. 2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல், மென்பொருள் வழியாக வோல்டேஜை இறக்கியே பாதுகாப்பை உடைக்கலாம் என்று காட்டியது. லினக்ஸ் கெர்னலில் வேகத்தைத் தீர்மானிக்கும் நிரல்கள் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றன. இவை அத்தனையும் உங்களுக்கு எதிராக எடுத்துவைக்கத் தக்க ஆவணங்கள்தான்.

படி 2: தேடுங்கள், ஆய்வாளர் தேடும் இடத்திலேயே தேடுங்கள்

ஆய்வாளர் வெறும் சொற்களை வைத்து மட்டும் தேடுவதில்லை. சர்வதேச வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஜி06எஃப் 1/26 என்பது கணினிக்கான மின்வழங்கல். ஜி06எஃப் 1/32 மின்சிக்கனம். அதற்குள் 1/324 கிளாக் வேகத்தைக் குறைப்பது, 1/3296 வோல்டேஜை இறக்குவது. ஜி06எஃப் 1/30 மின்சாரம் தடைபடும்போது என்ன செய்வது என்பது. நம் டிரம் உதாரணத்துக்கு உண்மையான ஆபத்து 1/32-ஐவிட 1/30-இல்தான் அதிகம் இருக்கிறது. மின்வெட்டு வந்ததும் சுமையைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும் சுற்றுகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ரெகுலேட்டர் சுற்று புதிது என்றால் எச்02எம் 3/156, 3/158 பக்கமும் போகவேண்டும்.

இந்திய ஆவணங்களுக்குக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளம், வெளிநாட்டு ஆவணங்களுக்கு எஸ்பாசெனட், பேட்டன்ட்ஸ்கோப். இவை இலவசம். பலர் மறப்பது ஒன்று உண்டு: சில்லு நிறுவனங்களின் டேட்டாஷீட்டுகளும் பயன்பாட்டுக் குறிப்புகளும். ‘புரவுன்-அவுட்’ (மின்னழுத்தம் தாழ்ந்துபோவது) பாதுகாப்பு பற்றி மைக்ரோகன்ட்ரோலர் நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. தேடும்போது கிடைத்த நெருக்கமான ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில், அது எதைச் சொல்கிறது, நம்முடையதில் எது அதில் இல்லை என்று இரண்டே வரி எழுதிவையுங்கள். ஆய்வறிக்கைக்குப் பதில் எழுத ஆறு மாத கெடு ஓடிக்கொண்டிருக்கும் நாளில் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

படி 3: வாயைத் திறக்குமுன் தேதியைப் பிடியுங்கள்

கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள். கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பது, கிராவிடாஸ் போன்ற தொழில்நுட்ப விழாவில் மேசை போட்டு விளக்குவது, யூடியூபில் டெமோ போடுவது, எல்லாமே வெளியீடுதான். காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் சில வகை வெளியீடுகளுக்கு 12 மாதச் சலுகை உண்டு. அதன் வாசல் குறுகியது. அதை நம்பி இறங்காதீர்கள். தொழிற்சாலையில் பெட்டியை மாட்டிச் சோதிக்கப் போகிறீர்கள் என்றாலும், மாட்டும் முன் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தின் முதல் வடிவம்) விண்ணப்பித்துவிடுங்கள். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தால் போதும்.

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வரும். காட்பாடியில் ரயில் ஏறவேண்டியதில்லை, எல்லாம் இணையவழிதான். ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கவேண்டும் என்பது விதி. தமிழில் யோசித்துத் தெளிவாக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறே இல்லை. சொல்லப்போனால் வாக்கியங்கள் சுத்தமாக வரும்.

தேவையான படிவங்கள்: விண்ணப்பம் படிவம் 1, விவரக்குறிப்பு படிவம் 2, வெளிநாட்டு விண்ணப்ப விவரம் படிவம் 3, கண்டுபிடித்தவர் யார் என்ற உறுதிமொழி படிவம் 5. தனிநபர், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், சிறுதொழில், கல்வி நிறுவனம் என்றால் இணையவழிக் கட்டணம் ரூ.1,600. மற்றவர்களுக்கு ரூ.8,000. சலுகை கேட்கும் நிறுவனங்கள் படிவம் 28-ஐயும் இணைக்கவேண்டும். விவரக்குறிப்பு 30 பக்கத்தையோ, கிளெய்ம்கள் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியங்கள்) 10-ஐயோ தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டு. சலுகைப் பிரிவினருக்கு அது பக்கத்துக்கு ரூ.160, கிளெய்முக்கு ரூ.320.

கண்டுபிடித்தது மாணவர், விண்ணப்பிப்பது கல்லூரி என்றால், உரிமை மாறியதற்கான கையெழுத்து ஆவணம் வேண்டும். நான்கு பேர் சேர்ந்து செய்த இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் நான்கு பேரின் கையெழுத்தையும் படிப்பு முடிந்து பெங்களூரு, சென்னை என்று சிதறுமுன் வாங்கிவிடுங்கள். இன்னொன்று: இந்தியாவில் வசிப்பவர், அனுமதி வாங்காமல் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்கக்கூடாது. இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழித்து, ரகசிய உத்தரவு எதுவும் இல்லையென்றால், போகலாம். 39-ஆம் பிரிவு சொல்வது அதுதான்.

படி 4: விவரக்குறிப்பில் என்ன இருக்கவேண்டும்

பின்னால் எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது. 59-ஆம் பிரிவின்படி, திருத்தம் என்பது குறுக்குவதும், பிழை நீக்குவதும், விளக்குவதும்தான். திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள் முழுதாக அடங்கவேண்டும். அதனால் பின்வாங்கி நிற்கவேண்டிய இடங்களை எல்லாம் இப்போதே எழுதிவைக்கவேண்டும்.

டிரம் பெட்டிக்கு நான் எதிர்பார்ப்பவை இவை. உள்ளீட்டிலிருந்து பிராசஸர் மையம்வரை முழு சுற்றுப்படம். ரெகுலேட்டரின் வோல்டேஜை எந்தக் கட்டளை மாற்றுகிறது, ஒரு படிக்கு எத்தனை மில்லிவோல்ட், புது வோல்டேஜில் நிலைகொள்ள எவ்வளவு நேரம். ஆணை பிறந்ததிலிருந்து கான்டாக்டர் மூடும்வரை உள்ள தாமதம். இது ரகத்துக்கு ரகம் மாறும், அளந்து எழுதுங்கள். கிளாக் எப்போது இறங்குகிறது, வோல்டேஜ் எப்போது இறங்குகிறது, தாழ்வு எப்போது தொடங்குகிறது, இவை ஒரே கால அச்சில். கண்டுபிடிப்பு இல்லாமல் ஓடிய அலைவடிவமும் கண்டுபிடிப்போடு ஓடிய அலைவடிவமும், அலைக்காட்டியிலிருந்து எடுத்தபடியே. எந்த அளவு கெபாசிட்டரில் ரீசெட் நின்றது என்ற ஒப்பீடு. உங்களிடம் ஒரே மோட்டாரில் எடுத்த அளவுதான் இருக்கிறது என்றால், மற்ற மோட்டார்களுக்கு எப்படித் தகவமைக்கவேண்டும் என்ற வழியையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அகலமான கிளெய்முக்கு விளக்கம் போதவில்லை என்ற ஆட்சேபணை வரும். நியாயமான ஆட்சேபணைதான் அது.

கிளெய்ம் எழுதுவதில்தான் உயிர் இருக்கிறது. பலர் எழுதுவது இப்படி: ‘மோட்டார் ஆணையை முன்கூட்டி அறிந்து பிராசஸரின் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும் ஒரு முறை.’ இதில் தீர்மானம் இருக்கிறது, சுற்று இல்லை. ‘இது வெறும் கணினி நிரல்’ என்ற 3(கே) பிரிவு ஆட்சேபணையை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற வாக்கியம் இது.

இதையே இப்படி எழுதலாம்: ‘ஒரு மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை. அதில், பிராசஸர் மையத்துக்கு மாற்றத்தக்க மின்னழுத்தம் வழங்கும் ஒரு ரெகுலேட்டர். பலகையின் உள்ளீட்டு மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு சுற்று. கான்டாக்டரின் காயிலை இயக்கும் ஒரு வெளியீடு. தொடக்க ஆணை பிறந்ததும், காயிலுக்கு மின்சாரம் செல்லுமுன் ஒரு முன்நேரத்தில், பிராசஸரின் கிளாக் வேகத்தைக் குறைத்து அதன்பின் ரெகுலேட்டரின் வெளியீட்டை இறக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று. அளந்த மின்னழுத்தத் தாழ்வின் ஆழத்தையும் நீளத்தையும் கொண்டு, அடுத்த தொடக்கத்துக்கான முன்நேரத்தை மாற்றி எழுதும் ஒரு பதிவகம்.’ நீளமாக இருக்கிறது என்று பயப்படவேண்டாம். கடைசி உறுப்பைத் தனியாக ஒரு சார்புக் கிளெய்மில் (முதல் கிளெய்மோடு கூடுதல் உறுப்பைச் சேர்க்கும் கிளெய்ம்) வைத்து, முதல் கிளெய்மைக் கொஞ்சம் அகலமாக விடலாம். ஆய்வில் அடிபட்டால் அந்தப் பதிவகத்தை மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

நிரலைச் சேமித்த ஊடகம் என்று தனிக் கிளெய்ம் போடும் அமெரிக்கப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பெரும்பாலும் நிரல் என்றே கருதி நிராகரிக்கிறார்கள்.

படி 5: ஆய்வைக் கேட்டு வாங்குங்கள்

விண்ணப்பம் கொடுத்தால் ஆய்வு தானாக நடந்துவிடாது. படிவம் 18-இல் தனியாகக் கோரவேண்டும். கட்டணம் சலுகைப் பிரிவினருக்கு ரூ.4,000, மற்றவர்களுக்கு ரூ.20,000. 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு செய்த விண்ணப்பங்களுக்கு, முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) 31 மாதத்துக்குள் கோரவேண்டும். முன்பு 48 மாதம் இருந்தது. பழைய பழக்கத்தில் ‘நாலு வருஷம் இருக்கிறதே’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இந்தத் தேதி தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும்.

விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியிடப்படும். அவசரம் என்றால் படிவம் 9 கொடுத்து முன்கூட்டியே வெளியிடச் செய்யலாம். வெளியான பிறகுதான் ஆய்வுக்குப் போகும். விரைவு ஆய்வுக்குப் படிவம் 18ஏ இருக்கிறது, சலுகைக் கட்டணம் ரூ.8,000. ஸ்டார்ட்அப், சிறுதொழில், விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கும் தனிநபர் விண்ணப்பம், அரசு நிதியில் இயங்கும் நிறுவனம் போன்றோர் இதைக் கேட்கலாம். பிராசஸர் துறையில் ஒரு தலைமுறை சில்லு வேகமாகப் பழசாகிவிடும். தகுதி இருந்தால் விரைவு ஆய்வையே கேளுங்கள் என்பேன். தேடல் சரியாகச் செய்யாதவர் மட்டும் அவசரப்படவேண்டாம்.

படி 6: முதல் ஆய்வறிக்கையைப் படிப்பது

வந்த நாளிலிருந்து என்று எண்ணாதீர்கள். அறிக்கை அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதம். அது முடியுமுன் படிவம் 4 கொடுத்து இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம், அதற்கும் கட்டணம் உண்டு. வெளிநாட்டிலும் விண்ணப்பித்திருந்தால், அறிக்கை தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் படிவம் 3-ஐப் புதுப்பிக்கவேண்டும். அது தனிக் கெடு.

அறிக்கையின் முதல் பகுதி ஒரு சுருக்க அட்டவணை. அதைப் பார்த்து மனம் தளர்பவர்கள் உண்டு. எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று இருக்கும். அது வழக்கமான ஒன்று. இரண்டாம் பகுதியை எடுங்கள். அங்கேதான் டி1, டி2 என்று ஆவணங்களும், எந்தக் கிளெய்முக்கு எதிராக எந்தப் பத்தி என்பதும் இருக்கும். மூன்றாம் பகுதி கையெழுத்து, படிவம், வரைபட எண் போன்ற முறைசார்ந்த குறைகள். அவற்றை ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

டி1-ஐ முழுதாகப் படியுங்கள். ஆய்வாளர் சுட்டிய பத்தியை மட்டும் படித்தால் போதாது. அவர் சுட்டாத இடத்தில்தான் பெரும்பாலும் உங்களுக்கு உதவும் வாக்கியம் இருக்கும்.

படி 7: புதுமைக்கும் கண்டுபிடிப்புப் படிக்கும் பதில்

புதுமை ஆட்சேபணை எளிது. ஒரே ஆவணத்தில் உங்கள் கிளெய்மின் எல்லா உறுப்புகளும் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் புதுமை நிற்கும். உறுப்புக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டு, டி1-இல் எந்தப் பத்தி, எது இல்லை என்று காட்டினால் முடிந்தது.

கண்டுபிடிப்புப் படிதான் உண்மையான போராட்டம். சட்டம் 2(1)(ஜேஏ)-இல் கேட்பது, இருக்கும் அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ, அல்லது இரண்டும் இருக்கவேண்டும், அது துறை அறிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றக்கூடியதாக இருக்கக்கூடாது என்பதை.

நம் பெட்டிக்கு வரக்கூடிய ஆட்சேபணையைக் கற்பனை செய்வோம். டி1: பிராசஸரின் மைய வோல்டேஜ் சரிவதை உணரும் சுற்று, சரிந்ததும் கிளாக்கைக் குறைக்கிறது. டி2: கனமான கணக்கு வரப்போகிறது என்று மென்பொருள் முன்கூட்டிச் சொல்ல, வோல்டேஜ் முன்கூட்டியே ஏற்றப்படுகிறது. ‘டி1-இன் கிளாக் குறைப்பை டி2-இன் முன்னறிவிப்போடு சேர்த்தால் கிளெய்ம் 1 கிடைத்துவிடும், இது வெளிப்படை’ என்பார் ஆய்வாளர்.

இதற்கு ‘துறை வேறு, நோக்கம் வேறு’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. இரண்டையும் உண்மையிலேயே சேர்த்துப் பாருங்கள். டி2 முன்கூட்டி வோல்டேஜை ஏற்றுகிறது. அதன் தொந்தரவு சில்லுக்குள்ளேயே பிறப்பது, வெளி மின்வழங்கல் திடமாக இருக்கிறது என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. நம் நிலைமையில் வெளி மின்வழங்கலே தாழ்கிறது. டி2 சொன்னபடி டிரம் கிளம்புமுன் வோல்டேஜை ஏற்றினால், பிராசஸர் கூடுதலாக இழுக்கும், கெபாசிட்டர் சீக்கிரம் வற்றும், ரீசெட் இன்னும் முன்னதாக வரும். ஆக டி2-ஐப் பின்பற்றுபவர் எதிர்த்திசையில் போய்விடுவார். டி1 தாழ்வு வந்த பிறகு விழிக்கிறது. மைய வோல்டேஜ் சரியத் தொடங்கும் நேரத்தில் கெபாசிட்டரின் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். இரண்டிலும் இல்லாதது, வெளிச்சுமைக்கான ஆணையையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதும், கான்டாக்டரின் இயந்திரத் தாமதத்தை முன்நேரமாகப் பயன்படுத்துவதும். இதைச் சொல்லி, விவரக்குறிப்பில் உள்ள அலைவடிவப் படத்தின் எண்ணைச் சுட்டுங்கள். படம் இருந்தால் வாதம் நிற்கும்.

ஜி06எஃப் 1/30-இலிருந்து டி3 ஒன்று வந்தால் என்ன செய்வது? மின்தடை வருமென்று முன்னறிவிப்பு வந்ததும் கிளாக்கையும் வோல்டேஜையும் இறக்கும் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முதல் கிளெய்மின் அகலம் தாங்காது. வீம்பு பிடிக்காமல், அளந்து கற்றுக்கொள்ளும் பதிவகத்தை மேலே ஏற்றுங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் தாழ்வை அளந்து முன்நேரத்தைத் திருத்திக்கொள்வது டி3-இல் இல்லை என்றால் அது உங்களுடைய நிலம். குறுகினாலும் உறுதியான கிளெய்ம்தான் பின்னால் நீதிமன்றத்தில் நிற்கும்.

படி 8: 3(கே)-க்குப் பதில்

கணிதமுறை, வணிகமுறை, கணினி நிரல் ‘அதுவாக மட்டும்’, அல்காரிதம், இவை கண்டுபிடிப்பு ஆகா என்கிறது பிரிவு 3(கே). 2002 திருத்தச் சட்டம் வழியாக வந்த பிரிவு இது, 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005 சட்டம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. அலுவலகத்தின் வழிகாட்டு நெறிகளும் மாறிக்கொண்டே வந்தன: 2016 நெறிகள் புதிய வன்பொருள் வேண்டும் என்றன, 2017 நெறிகள் அந்த நிபந்தனையைக் கைவிட்டன, 2025-இல் மறுபடி திருத்தப்பட்டன. பதில் எழுதும்போது பழைய நெறியை மேற்கோள் காட்டி ஏமாறாதீர்கள்.

2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், நிரலை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புகள் எல்லாமே விலக்கப்பட்டவை அல்ல, தொழில்நுட்ப விளைவு அல்லது பங்களிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றது. வோல்டேஜ் கட்டுப்பாட்டுக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. நம் துறையில் விளைவு திரையில் தெரியும் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. ரெகுலேட்டரின் வெளியீட்டு முனையில் மல்டிமீட்டர் வைத்தால் மாற்றம் தெரியும். பதிலில் மூன்று கேள்விக்கு விடை சொல்லுங்கள்: உள்ளே வரும் பௌதிக அளவு எது, வெளியே மாறும் பௌதிக அளவு எது, அந்த மாற்றத்தால் இயந்திரத்துக்குள் எது மேம்படுகிறது. நம் பெட்டியில், உள்ளீட்டு வோல்டேஜ் வருகிறது, ரெகுலேட்டர் வெளியீடும் கிளாக்கும் மாறுகின்றன, ரீசெட் இல்லாமல் சின்ன கெபாசிட்டரே போதுமாகிறது. கிளெய்மிலும் இந்த மூன்றும் தெரியவேண்டும். வாதத்தில் இருந்து கிளெய்மில் இல்லாவிட்டால் பலனில்லை.

‘நிலைக்கேற்றவாறு’, ‘உகந்த அளவு’ போன்ற சொற்கள் தெளிவின்மை ஆட்சேபணையைக் கொண்டுவரும். ‘உகந்த வோல்டேஜ்’ என்பதற்குப் பதில், எந்த அளவீட்டிலிருந்து எப்படிக் கிடைத்த வோல்டேஜ் என்று எழுதுங்கள். இரண்டு தனித்தனிக் கண்டுபிடிப்புகள் என்று ஆய்வாளர் சொன்னால், ஒன்றை 16-ஆம் பிரிவில் பிரிந்த விண்ணப்பமாக எடுத்துச் செல்லலாம். சண்டை வேண்டாம்.

படி 9: விசாரணை

பதில் போதவில்லை என்றால் கன்ட்ரோலர் (காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரி) முன் விசாரணைக்கு அழைப்பு வரும், இப்போது காணொளி வழியாகத்தான். சத்துவாச்சாரியில் வீட்டு மேசையிலிருந்தே வாதாடலாம். அழைப்பில் மிஞ்சியிருக்கும் ஆட்சேபணைகள் மட்டும் இருக்கும். அவற்றை மட்டும் பேசுங்கள். கண்டுபிடித்தவர் கூட உட்காருவது நல்லது. ‘கான்டாக்டர் மூட எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் ரெகுலேட்டர் நிலைகொள்ளுமா?’ என்று கன்ட்ரோலர் கேட்டால், அளந்தவர் சொல்லும் பதிலுக்கு எடை அதிகம். மாற்றுக் கிளெய்ம் தொகுப்பு ஒன்றைக் கையில் தயாராக வையுங்கள். விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்துமூல வாதத்தைக் கொடுக்கவேண்டும். இது மிகச் சிறிய கெடு, ஆகவே பாதியை விசாரணைக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

நிராகரித்தால் ஒரு மாதத்துக்குள் மறுஆய்வு கேட்கலாம், அல்லது மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், நம் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. ஆணையில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய ஆவணம் என்ன சொல்கிறது, இந்தக் கண்டுபிடிப்பு என்ன, ஒன்றிலிருந்து மற்றது எப்படி வெளிப்படை என்ற மூன்றையும் ஆணை பேசவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது.

படி 10: கிடைத்த பிறகு

காப்புரிமை வழங்கும்வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். வழங்கிய செய்தி வெளியானதிலிருந்து ஓராண்டுவரை, சம்பந்தப்பட்டவர் எதிர்க்கலாம். அதற்குப் பிறகும் செல்லாது என்று வழக்குப் போடலாம்.

இந்தத் துறையில் அதன் தீவிரத்துக்கு ஓர் உதாரணம். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஜூரி, விஎல்எஸ்ஐ டெக்னாலஜி நிறுவனத்துக்கு இன்டெல் 218 கோடி டாலர் தரவேண்டும் என்றது. அதில் 150 கோடி ஒரே காப்புரிமைக்கு. பிராசஸரின் வோல்டேஜ், நினைவகம் தாங்கும் குறைந்தபட்ச வோல்டேஜுக்குக் கீழே போகும்போது நினைவகத்தை வேறொரு வோல்டேஜுக்கு மாற்றிவிடும் நுட்பம் அது. மற்றது கிளாக் வேக மேலாண்மை பற்றியது. 2023-இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம், சவாலுக்கு உள்ளான கிளெய்ம்கள் இரண்டிலுமே செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டையும் ரத்து செய்தது. முன்பு கவனிக்காமல் விட்ட ஆவணம் பின்னாளில் எதிரியின் கையில் கிடைத்தே தீரும். ஆகவே தேடலில் கிடைத்த மோசமான ஆவணத்தை மறைக்காமல் விவரக்குறிப்பிலேயே பேசி, அதிலிருந்து விலகும் இடத்தைக் காட்டுவதுதான் என் பரிந்துரை.

கிடைத்ததும் அதுவரை சேர்ந்த ஆண்டுக் கட்டணங்களை, பதிவானதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்டவேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து கணக்கு வரும், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுவரை போகும். காப்புரிமையைப் பயன்படுத்துகிறீர்களா என்ற படிவம் 27 இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை. பெட்டியின் அடுத்த பதிப்பில் ரெகுலேட்டரையோ முன்நேரம் கணக்கிடும் விதத்தையோ மாற்றினீர்கள் என்றால், பழைய காப்புரிமை அதை மூடுமா என்று கிளெய்மோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுங்கள். மூடாது என்றால், புதிய பெட்டியை எந்தத் தொழிற்சாலைச் சுவரிலும் மாட்டுமுன் படி 2-இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.